லேப்டாப்பில் படம் ஓடவில்லையா? டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

இந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பாயி பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் முன்னால் தள்ளினார். உள்ளே முப்பது, நாற்பது டிஸ்க்குகள்.

"உங்க தாத்தா வாங்கிப் போட்ட ராஜராஜ சோழன் படம் இதுலதான் கெடக்கு. டெக்கு ரிப்பேராகி எத்தனையோ வருசமாச்சு. நீதான் கம்ப்யூட்டருக்குப் படிச்சிருக்கியே, அதுல போட்டுக் காட்டுப்பா" என்றார்.

அதே டின்னில் இன்னும் இரண்டு டிஸ்க்குகளுக்கு ஆள் காத்திருந்தது. ஒன்று, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஆங்கிலப் பட டிவிடி. இன்னொன்று, 2008-ல் நடந்த அத்தையின் கல்யாண டிவிடி. அதில் வரவேற்பு மேடையில் தாத்தா மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசுவார். அவர் 2014-ல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் லேப்டாப்பில் டிஸ்க் டிரைவே கிடையாது. கல்லூரியில் படித்தபோது வாங்கிய பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி மூன்று டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றுமே ஓடவில்லை. ஆனால் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். "டிஸ்க் போச்சு" என்றோ "லேப்டாப் போச்சு" என்றோ அவசரப்பட்டிருந்தால் மூன்றையும் இழந்திருப்போம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும். 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும், டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது சினிமா டிஸ்க் வாங்காத வீடுகளே குறைவு. அவற்றை லேப்டாப்பில் ஓட்டுவதில் வரும் சிக்கல்களையும், அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

நான்கு கதவுகள்

டிஸ்க்கில் உள்ள படம் உங்கள் கண்ணுக்கு வந்து சேர நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலில் டிரைவ் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அடுத்து, டிஸ்க்கின் பரப்பு படிக்கும்படி இருக்க வேண்டும். மூன்றாவது, டிஸ்க்கில் பூட்டு இருந்தால் அது திறக்க வேண்டும். நான்காவது, படத்தை விரித்துக் காட்டும் சாப்ட்வேர் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று தெரியாமல் விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்வதாலோ, டிஸ்க்கைப் போட்டுத் தேய்ப்பதாலோ பயன் இல்லை.

எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறு ஒரு டிஸ்க்கை, பாட்டு சிடியாக இருந்தாலும் சரி, டிரைவில் போடுங்கள். அது ஓடினால் டிரைவ் உயிருடன் இருக்கிறது. பிறகு சிக்கலான டிஸ்க்கைப் போட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து "ஓபன்" கொடுங்கள். உள்ளே போல்டர்கள் தெரிந்தால் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைப் படிக்க முடிகிறது என்று பொருள். பிரச்னை பெரும்பாலும் சாப்ட்வேரில் அல்லது பூட்டில் இருக்கும். எதுவுமே தெரியவில்லை என்றால் டிஸ்க்கின் பரப்பையோ லென்சையோ கவனிக்க வேண்டும்.

விசிடியா, டிவிடியா?

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. போல்டர்களை வைத்து அடையாளம் காணலாம். "வீடியோ_டிஎஸ்" என்ற போல்டர் இருந்தால் அது டிவிடி. அதற்குள் விஓபி என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. "எம்பெக்ஏவி" என்ற போல்டர் இருந்தால் விசிடி. அதற்குள் டாட் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும்.

விசிடி என்பது 1993-ல் வந்த தொழில்நுட்பம். ஒரு டிஸ்க்கில் 74 அல்லது 80 நிமிடப் படம்தான் பிடிக்கும். அதனால்தான் நம் தமிழ்ப் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்குகளாக வந்தன. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள் மட்டுமே. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அதிக நேரப் படத்தை அடைப்பதற்காக, சாதாரண டேட்டா சிடிகளில் உள்ள கூடுதல் பிழை திருத்தும் பகுதியை விசிடியின் படப் பகுதியில் விட்டுவிட்டார்கள். டிவி பிளேயர் கீறலைத் தாண்டிப் போய்விடும். படம் ஒரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறி மறுபடி சரியாகும். ஆனால் அதே ஃபைலை விண்டோஸில் காப்பி செய்ய முயன்றால், படிக்க முடியாத இடம் வந்ததும் எர்ரர் செய்தி கொடுத்து மொத்தமாக நின்றுவிடும். காப்பி ஆகவில்லை என்பதால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நீல நிறப் பெட்டியில் வரும் ப்ளூ ரே டிஸ்க்கை சாதாரண டிவிடி டிரைவ் எந்த நாளும் படிக்காது. அதற்குத் தனி டிரைவ் வேண்டும்.

விண்டோஸில் டிவிடி ஏன் ஓடுவதில்லை?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பாட்டு சிடி ஓடுகிறது, டிவிடியில் போல்டர்கள் தெரிகின்றன, ஆனால் படம் மட்டும் ஓடாது. காரணம், டிவிடிப் படம் எம்பெக் 2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. அதை விரிக்கும் டீகோடர் என்ற சாப்ட்வேர் எல்லா விண்டோஸ் பதிப்புகளிலும் வருவதில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியில் (2001) இது கிடையாது. டிரைவுடன் வரும் பிளேயர் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். விண்டோஸ் 7-ல் (2009) ஹோம் பிரீமியம் முதல் மேலே உள்ள பதிப்புகளில் உண்டு. ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் பதிப்புகளில் இல்லை. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கிய காலத்து லேப்டாப் வீட்டில் இருந்தால், முதலில் அதில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். "கம்ப்யூட்டர்" ஐகானில் ரைட் கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" கொடுத்தால் தெரியும். விண்டோஸ் 8 (2012) முதல் இந்த வசதியை மைக்ரோசாப்ட் எடுத்துவிட்டது. டிஸ்க் டிரைவ் இல்லாத கம்ப்யூட்டர்கள் பெருகும்போது ஒவ்வொன்றுக்கும் டீகோடருக்கான உரிமத் தொகை கட்டுவானேன் என்பது அதன் கணக்கு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதே நிலைதான்.

தீர்வு எளிது, செலவும் இல்லை. விஎல்சி மீடியா பிளேயரை இன்ஸ்டால் செய்யுங்கள். பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை இது. 2001 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளிவருகிறது. தேவையான டீகோடர்கள் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன. வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். இதே பெயரில் போலிகள் உலவுகின்றன.

விஎல்சியைத் திறந்து "மீடியா" மெனுவில் "ஓபன் டிஸ்க்" தேர்ந்தெடுங்கள். டிவிடி, ப்ளூ ரே, ஆடியோ சிடி, எஸ்விசிடி/விசிடி என்று பட்டியல் வரும். உங்கள் டிஸ்க் எதுவோ அதைக் குறித்து, கீழே சரியான டிரைவ் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து "ப்ளே" அழுத்துங்கள். டிவிடியின் மெனு பக்கத்திலேயே நின்றுவிட்டால் திரும்ப வந்து "நோ டிஸ்க் மெனுஸ்" என்பதை டிக் செய்துவிட்டு ஓட்டுங்கள். விசிடி இந்த வழியில் ஓடாவிட்டால், எம்பெக்ஏவி போல்டரைத் திறந்து டாட் ஃபைலை மவுசால் இழுத்து விஎல்சி மீது விட்டால் போதும்.

அப்பாயியின் ராஜராஜ சோழன் இப்படித்தான் ஓடியது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. என் பழைய லேப்டாப்பில் இருந்த பிளேயருக்கு டாட் ஃபைலை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆள் ஒல்லியாகத் தெரிகிறாரா?

படம் ஓடியது. ஆனால் "என்னப்பா, சிவாஜி இம்புட்டுக்காணும் தெரியிறாரு?" என்று கேட்டார் அப்பாயி. 1973-ல் வந்த ராஜராஜ சோழன் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன் அகலம் உயரத்தைப்போல ஏறக்குறைய 2.35 மடங்கு. விசிடியோ பழைய டிவியின் 4-க்கு 3 வடிவம். அகலப் படத்தை அதில் அடக்கினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். 288 வரிகளில் சுமார் 163 வரிகள்தான் படத்துக்கு மிஞ்சும். அதை இப்போதைய அகலமான லேப்டாப் திரையில் ஓட்டும்போது பக்கங்களிலும் பட்டை விழுந்து, நடுவில் தபால் கார்டு அளவுக்குப் படம் தெரியும்.

விஎல்சி ஓடும்போது கீபோர்டில் ஆங்கில "சி" எழுத்தை அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் படம் வெவ்வேறு விகிதத்தில் வெட்டப்படும். 2.35:1 வரும்போது கறுப்புப் பட்டைகள் போய்ப் படம் திரையின் அகலத்துக்கு விரியும். சில டிஸ்க்குகளில் பட்டை இல்லாமல் படத்தையே நசுக்கிப் பதிந்திருப்பார்கள். ஆட்கள் நெட்டையாகவும் ஒல்லியாகவும் தெரிவார்கள். அதற்கு "ஏ" எழுத்து. அழுத்த அழுத்த விகிதம் மாறும்; முகம் இயல்பாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை கால் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் "டி" எழுத்தை அழுத்துங்கள். பழைய டிவிக்காக ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்துப் பதிந்த படத்தை அது சேர்த்துக் கொடுக்கும். கல்யாண டிவிடிகளில் இது கட்டாயம் தேவைப்படும். உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று போனால் "ஜே", "கே" எழுத்துகளால் ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்றால் அந்த டிவிடியில் 5.1 ஒலி இருக்கும். ஆறு ஸ்பீக்கருக்கான ஒலியை லேப்டாப்பின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் பிழிவதால் வரும் தொல்லை இது. "பி" எழுத்தை அழுத்தி, டிஸ்க்கில் ஸ்டீரியோ ஒலித்தடம் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் டிவிடியும் மண்டல எண்ணும்

சித்தப்பா கொண்டுவந்த டிவிடி இந்தியாவில் வாங்கியதல்ல. உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் விற்ற டிவிடி இன்னொரு மண்டலத்தில் ஓடாதபடி பட நிறுவனங்கள் ஏற்பாடு செய்திருந்தன. அமெரிக்காவும் கனடாவும் 1. பிரிட்டன், ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் 3. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா 5. சீனா 6. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ, துபாயிலோ இருக்கும் நம் டெல்டா மாவட்டங்களில் இது அடிக்கடி வரும் சிக்கல். உறையின் பின்பக்கம் பூகோள உருண்டைப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதுதான் மண்டல எண். 0 அல்லது "ஆல்" என்று இருந்தால் எங்கும் ஓடும்.

2000-ம் ஆண்டு முதல் வந்த கம்ப்யூட்டர் டிரைவ்களில் இந்த எண் டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "டிவிடி/சிடி ராம் டிரைவ்ஸ்" என்பதன் கீழ் உங்கள் டிரைவில் ரைட் கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" போனால் "டிவிடி ரீஜன்" என்ற டேப் இருக்கும். அதில் எண்ணை மாற்றலாம். ஆனால் கவனம்! மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதிலேயே டிரைவ் நின்றுவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் எண்ணிக்கை திரும்பாது. படம் பார்க்க ஒரு தடவை 3, மறுநாள் 5 என்று மாற்றி விளையாடினால் ஒரே வாரத்தில் டிரைவ் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிடும்.

முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். பல டிரைவ்களில் அது மண்டல எண்ணைப் பொருட்படுத்தாமல் ஓட்டிவிடும். சில டிரைவ்கள் இதற்கு இடம் கொடுக்காது. என் லேப்டாப் டிரைவ் இரண்டாவது ரகம். வெளிநாட்டு டிஸ்க்குகள் நிறைய வைத்திருப்பவர்கள் யுஎஸ்பியில் செருகும் தனி டிரைவ் ஒன்று வாங்கி, அதை நிரந்தரமாக 3 என்றோ 2 என்றோ வைத்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்தேன்.

மண்டல எண் தவிர சிஎஸ்எஸ் என்ற 40 பிட் பூட்டும் கடையில் விற்கும் பல டிவிடிகளில் உண்டு. 1999-ல் இதைத் திறக்கும் சாப்ட்வேர் வெளியானது. அதற்காக நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன் மீது வழக்கு நடந்து, 2003-ல் அவர் விடுவிக்கப்பட்டார். லினக்ஸ் லேப்டாப்பில் விஎல்சி இருந்தும் கடையில் வாங்கிய டிவிடி ஓடாமல், கல்யாண டிவிடி மட்டும் ஓடுகிறது என்றால் காரணம் இந்தப் பூட்டுதான். அதற்கான தொகுப்பைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

டிரைவே தெரியவில்லையா?

லேப்டாப் டிரைவின் தட்டை வெளியே இழுத்தால் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி முத்து தெரியும். அதுதான் லென்ஸ். டெஸ்க்டாப் டிரைவில் இது உள்ளே இருக்கும். லேப்டாப்பில் தட்டோடு சேர்ந்து வெளியே வரும். எங்கள் ஊரில் அறுப்பு மெஷின் ஓடும் தை மாதத்தில் வைக்கோல் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். லென்ஸ் மட்டும் தப்புமா? கேமராவுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். அப்படியும் படிக்காவிட்டால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, அழுத்தாமல் ஒரே ஒருமுறை தடவி உலர விடுங்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

டிஸ்க்கை நடுக்குமிழில் வைத்து, 'டக்' என்ற சத்தம் வரும்வரை இரண்டு விரலால் அழுத்திப் பொருத்துங்கள். சும்மா வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினால் டிஸ்க் உள்ளே உரசி, வட்டமாகக் கீறல் விழும்.

யுஎஸ்பி டிரைவாக இருந்து, விளக்கு எரிந்தும் டிஸ்க் சுழலாமல் 'கிடுக் கிடுக்' என்று சத்தம் வந்தால் மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். இடையில் ஹப் இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள். இரட்டைத் தலை வயர் கொடுத்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள்.

டிரைவ் ஐகானே காணவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர் மீது மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரைட் கிளிக் செய்து "அன்இன்ஸ்டால்" கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே கண்டுபிடித்து மறுபடி சேர்த்துக்கொள்ளும்.

இன்னும் எக்ஸ்பி ஓடும் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டிவிடி எல்லாமே திக்கித் திக்கி ஓடினால், டிவைஸ் மேனேஜரில் "செகண்டரி ஐடிஇ சேனல்" என்பதன் "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" டேபைப் பாருங்கள். "பிஐஓ மோட்" என்று இருந்தால் அதுதான் குற்றவாளி. கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்கும்போது ஆறு முறை பிழை வந்தால் எக்ஸ்பி தானாகவே இந்த மெதுவான முறைக்கு இறங்கிவிடும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் திரும்பும்.

எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்

டிஸ்க்கில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தை நோக்கிப் போகிறது. எனவே படம் நிற்கும் இடமே நோயைச் சொல்லிவிடும். தொடக்கத்திலேயே திணறினால் நடுத்துளைக்கு அருகில் பாருங்கள். கடைசி அரைமணியில் நின்றால் வெளி ஓரத்தில் அழுக்கு அல்லது கீறல். இரட்டை அடுக்கு டிவிடியாக இருந்து, நடுவில் ஒரே இடத்தில் ஒரு நொடி நின்று போனால் லென்ஸ் அடுத்த அடுக்குக்கு மாறுகிறது. அது கோளாறு அல்ல.

அழுக்கு டிஸ்க்கைச் சுத்தமான தண்ணீரில், ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு அலசலாம். பிறகு துவைத்துப் பழகிய மெல்லிய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நேர்க்கோட்டில் கீறல் விழுந்தால் டிரைவ் சமாளித்துக்கொள்ளும். பதிவு ஓடும் திசையிலேயே நீளமாகக் கீறல் விழுந்தால் சமாளிக்காது. மண்ணெண்ணெய், தின்னர் தொடவே வேண்டாம். பற்பசையால் தேய்ப்பது கீறலை மழுக்கும் என்பது உண்மை. புதிய கீறல்களை உண்டாக்கும் என்பதும் உண்மை. வேறு பிரதி இல்லாத டிஸ்க்கில் அதைப் பரீட்சை செய்யாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிடி, விசிடியில் பதிவு இருப்பது பளபளப்பான அடிப்பக்கத்தில் அல்ல, பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு மிக அருகில். அங்கே கீறினால் தகடே உரிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. டிவிடியில் பதிவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது.

கல்யாண டிவிடி

கடைசியாக அத்தையின் டிவிடி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, பரணில் இருந்தவை எல்லாம் நனைந்தன. இந்த டின்னுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது. டிஸ்க்கின் மேல் மணமக்கள் படம் அச்சிட்ட பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அது ஒரு பக்கம் உப்பிப்போயிருந்தது. டிஸ்க் வேகமாகச் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து அதிர்கிறது. ஓரத்துக்குப் போகப் போக அதிர்வு கூடும். தாத்தா பேசும் வரவேற்பு வெளி ஓரத்தில் இருந்தது. முகூர்த்தம் வரை ஓடிய படம் அதற்குப் பிறகு அசையவில்லை.

"கடையில குடுத்தா ஸ்டிக்கரைப் பிச்சு எடுத்துத் தருவாங்களாம் தம்பி" என்றார் அத்தை. வேண்டாம் என்று தடுத்தேன். பிய்க்கும்போது டிஸ்க் வளையும். பாதி பிய்ந்தால் எடை இன்னும் கோணலாகும். இம்மாதிரி டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் தவறு. முதல் வேலை, ஓட்டுவதல்ல. முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக ஹார்டு டிஸ்க்குக்கு எடுப்பது.

டிஸ்க் ஓரளவு நன்றாக இருந்தால் இம்க்பர்ன் என்ற இலவச சாப்ட்வேர் போதும். "கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்" தேர்ந்தெடுத்து, ரீட் ஸ்பீடைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது கூடவே வேறு சாப்ட்வேர் போடவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். விசிடிக்கு இன்னொரு வழி உண்டு. விஎல்சியில் "மீடியா" மெனுவின் "கன்வர்ட்/சேவ்" வழியாக டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

டிஸ்க் மோசமாக இருந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தாலும் பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து இதை ஓட்டலாம். சாதாரண காப்பி படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, நல்ல இடங்களை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்ப வரும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்ற கணக்கு ஒரு தனி ஃபைலில் இருப்பதால், அதே வேலையை வேறு ஒரு டிரைவில் தொடரலாம். இதுதான் முக்கியம். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடும்.

முதல் இரவு லேப்டாப் டிரைவில் ஓட்டினேன். கடைசிப் பகுதியில் நிறைய ஓட்டைகள். மறுநாள் புதிய யுஎஸ்பி டிரைவில் தொடர்ந்ததில் பாதி அடைந்தது. மாட்டுப் பொங்கலன்று பெரியப்பா வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் தொடர்ந்தேன். கனமான அந்த டிரைவ் அதிர்வைத் தாங்கிக்கொண்டு, இரவு முழுக்க நேரம் எடுத்து மீதியைக் கொடுத்தது. சில துண்டுகள் கடைசிவரை வரவில்லை. டிவிடியில் பிழை திருத்தம் 32 கேபி கொண்ட கட்டங்களாக நடப்பதால், ஒவ்வோர் இழப்பும் கண் சிமிட்டும் நேரப் படம்தான்.

இமேஜ் ஃபைலை விஎல்சியில் திறந்தேன். தாத்தா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் எல்லாரும்" என்று தொடங்கினார். இரண்டு இடங்களில் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. குரல் அறுபடவில்லை. அப்பாயி மறுபடி போடச் சொன்னார். இந்த முறை டிஸ்க் சுழலத் தேவையிருக்கவில்லை.

அந்த ஃபைலை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்: என் லேப்டாப், அத்தையின் பென் டிரைவ், சென்னையில் ஒரு ஹார்டு டிஸ்க். நம் வீட்டுக் கல்யாண டிவிடியை இப்படி நகலெடுப்பதில் தடை ஏதும் இல்லை. கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கை நகலெடுத்து விற்பதும் பரப்புவதும் வேறு விஷயம். வீடியோ திருட்டைத் தமிழகத்தில் 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

சுருக்கமாக

* வேறு ஒரு டிஸ்க்கைப் போட்டு, கோளாறு டிரைவிலா டிஸ்க்கிலா என்று முதலில் பிரித்தறியுங்கள்.
* போல்டர் தெரிந்தும் படம் ஓடாவிட்டால் விஎல்சி இன்ஸ்டால் செய்யுங்கள்.
* வெளிநாட்டு டிவிடியா? உறையில் மண்டல எண்ணைப் பாருங்கள். டிரைவின் எண்ணை ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது.
* டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். மேல்பக்கத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.
* வேறு பிரதி இல்லாத டிஸ்க் என்றால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் இமேஜ் எடுங்கள். ஒரு டிரைவில் வராவிட்டால் இன்னொரு டிரைவில் முயலுங்கள்.

கல்யாண ஸ்டூடியோக்கள் எழுதிக் கொடுத்த டிவிடிகளில் பதிவு இருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் ஈரமும் பட்டு அது ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே வரும். அதைப் படிக்கும் டிரைவ்களும் குறைந்துகொண்டே வருகின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் உள்ள டின்னை இறக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் பழைய டெஸ்க்டாப் கிடந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.